மேல்வரிசையில் இரண்டு பல்

எங்கள் பல் கிளினிக்கின் பின்னறையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் பல வருடங்களாகப் பல் செட் செய்கிறோம். வாய் ஓயாத மனிதர். "நம்ம கைவரிசை தெரியணும்னா ஊர்ல எவனாவது சிரிக்கணும்யா" என்பார்.

அவருடைய அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கிண்டல் அடங்கிவிடும். பெரியவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பிழைப்புக்குப் பேசிய ஊர்ப்பேச்சு மறந்து, சிறுவயதில் பேசிய பூர்வகுடி மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட அவர் மகனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

"பெத்த அப்பன் எதிர்ல உட்கார்ந்து அழறாரு. பசியா, வலியான்னு கூட தெரியலையே" என்று ஒருநாள் என்னிடம் உடைந்துபோனார்.

மாலை வகுப்பில் மொழியியல் அடிப்படைப் பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். டீச்சருக்கு அந்த மொழி தெரியாது. "தெரியாத மொழிய எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லித் தரேன்" என்றாராம். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள், பொருளை மாற்றிக் கேளுங்கள், எந்தத் துண்டு மாறுகிறது என்று பாருங்கள், நாக்கு எங்கே தொடுகிறது என்று கவனியுங்கள்.

மனிதர் விடாப்பிடியாக உட்கார்ந்தார். டம்ளர், போர்வை, ஜன்னல் என்று ஒவ்வொன்றாய்க் காட்டிக் கேட்டார். தண்ணீர் வேண்டும், குளிர்கிறது என்று அப்பா சொல்வது மெல்ல மெல்லப் புரிந்தது. முதல் சொல் பிடிபட்ட அன்று எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெரியவர் முனகும் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. நாக்கு போகும் இடத்தைப் பார்த்தால், அதற்கு அது மேல் முன்பல்லைத் தொட வேண்டும் என்று தெரிந்தது. பெரியவருக்கோ அந்த இரண்டு பல்லும் சின்ன வயதிலேயே போய்விட்டன. படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லியிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"பல்லு கட்டுறவன் அப்பனுக்கே ஓட்டை வாயா?" என்று அந்த இரண்டு பல்லையும் அவரே செய்தார். நான் பார்த்ததிலேயே அழகான வேலை அது. மாட்டிவிடும்போது நானும் கூட இருந்தேன்.

பெரியவர் முழங்காலைத் தொட்டுச் சொன்னார். சொல் கணீரென்று வந்தது. மகன் சந்தோஷத்தில் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொன்னார்.

பெரியவர் முகம் வெளிறியது. பாய்ந்து மகன் வாயைப் பொத்தினார். மறந்துபோன ஊர்ப்பேச்சு அப்போது பார்த்துத் திரும்பி வந்தது.

"மெதுவாடா. ஹாஸ்டல் வார்டன் காதுல விழுந்தா உன் பல்லையும் உடைச்சிடுவான்."

மாட்டிய பல்லைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தார். தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளையின் வாயில் அடித்தவன் எப்போதோ செத்திருப்பான். என்ன பிரயோஜனம்?

அதன் பிறகு பெரியவர் பல்லை மாட்டவில்லை. மகனும் வற்புறுத்தவில்லை. அப்பாவின் காதோரம் குனிந்து, குசுகுசுவென்று, காற்று ஒழுகும் அந்தச் சொல்லையே பழகினார். அதைச் சொல்லிக் கேட்டால் பெரியவர் வலிக்கும் இடத்தைக் காட்டினார்.

வகுப்பில் சொல்லிக் காட்டியபோது, அவர் முன்பு எழுதிக் கொடுத்த குறிப்பைப் பார்த்து டீச்சர் தலையை ஆட்டினார்.

"முதல் சத்தம் சரியா வரலையே. நாக்கு பல்லைத் தொடலையே."

"எங்க வீட்ல இப்படித்தான் டீச்சர் சொல்லுவோம்" என்றாராம் இவர்.