ஆடியில் கைவிட்டுப்போன பெயர்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர் மகள் சுஜாதா. கூடையில் பூசிய சாய அடையாளம் அழிந்துபோனால் சரக்கு யாருடையதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. இதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள். ஓசூரில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த நாராயணப்பனுக்கு மருமகளாக வந்ததும், பட்டறைக்கு ஒரு வெப்சைட் போட வைத்தாள்.

போட்டால் ஆயிற்றா? கூகுளில் தேடுகிறவன் கண்ணில் படவேண்டுமே! எந்த வண்டிக்கு எந்த ஸ்பிரிங், என்ன கம்பி என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கீழே விவரம் எழுதி, பிரௌசிங் சென்டர் பிரதாப்பை நச்சரித்து ஏற்றினாள். மெல்ல மெல்ல முதல் பக்கத்துக்கு வந்தது பட்டறை. அதைப் பார்த்துத்தான் புனே டிராக்டர் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். சாம்பிளும் பிடித்துவிட்டது. ஆவணியில் ஆர்டர் பேசலாம் என்றார்.

ஆடி பிறந்த அன்று பிரதாப் வந்து நின்றான். "அக்கா, டொமைன் முடியுது. இந்த ஆடி மாசத்துக்குள்ள பணம் கட்டிப் புதுப்பிக்கலன்னா வெப்சைட்டு பேரு கைய விட்டுப் போயிடும்."

செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் மாமனார்.

"ஆடியில பேரு எழுதறதா? ஆவணி பொறக்கட்டும்மா."

"புதுசா எழுதல மாமா. இருக்கறத விடாம புடிச்சிக்கறோம்."

"நம்ம பேர எவன் தூக்கிட்டுப் போவான்? கேட்டுல பெயிண்ட்ல எழுதியிருக்குதே, அது ஓடிப்போச்சா?"

"கேட்டு ஓசூர்ல இருக்குது. தேடறவன் புனேல இருக்கறான்."

"வாயப் பாரு, ராயக்கோட்டை மண்டி!"

புருஷன் விஜயகுமாரைப் பார்த்தாள். அவன் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். பதினெட்டாம் பெருக்கு வந்தது. "இன்னிக்கு நல்ல நாளுதானே மாமா?" என்று மறுபடி கேட்டாள். "அது ஆத்துக்கு நல்ல நாளு, கம்ப்யூட்டருக்கு இல்ல," என்று கெலவரப்பள்ளி அணைக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டார். சுவரில் முட்டிக்கொண்டால்கூடச் சுவர் கொஞ்சம் அசையும்.

ஜோசியர் குறித்துக் கொடுத்த ஆவணி முதல் முகூர்த்தத்தில், செக் புத்தகமும் கையுமாக இருந்த சுஜாதாவைக் கூட்டிக்கொண்டு நாராயணப்பனே பிரௌசிங் சென்டருக்கு வந்தார். கீபோர்டுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, "இப்ப போடுப்பா," என்றார்.

பிரதாப் தட்டிப் பார்த்தான். பட்டறைப் பெயரில் கடன் விளம்பரம் திறந்தது.

"பெரியவரே, வேற எவனோ வாங்கிட்டான்."

"எவன்? கூப்புடு அவன, பஞ்சாயத்து வெக்கலாம்."

"எந்த நாட்டுல இருக்கறான்னே தெரியல."

சுஜாதா அங்கிருந்தே புனேவுக்குப் போன் போட்டாள். ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்னால் அவர்கள் பெரிய மேனேஜர் ஒருதரம் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாராம். கடன் விளம்பரம் வந்ததும், பட்டறையை மூடிவிட்டார்கள் என்று வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம்.

போனை வைத்தாள். செக் புத்தகத்தை மாமனார் முன்னால் நீட்டினாள்.

"ராகு காலம் பொறந்துடுச்சேம்மா..."

"போடுங்க மாமா."

போட்டார். வேறு பெயர் வாங்கியாயிற்று; பட்டறைக்கும் இனி அதே பெயர். கூகுளில் தேடினால் பத்தாம் பக்கத்தில்கூட இல்லை. இத்தனை நாள் பாடுபட்டது ஆற்றில் கரைத்த புளி. இனி முதலிலிருந்து.

சாயங்காலம் ஏணி வைத்து, கேட்டில் இருந்த பழைய பெயரைத் தானே கறுப்புப் பெயிண்டால் பூசினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாராயணப்பன் தொண்டையைச் செருமினார்.

"புதுப் பேரு எப்பம்மா மொதல் பக்கத்துக்கு வரும்?"

"ஜோசியரையே கேளுங்க மாமா," என்று சொல்லி, மிச்சமிருந்த எழுத்துகளையும் அழித்தாள்.