ஒரே தலையில் இரண்டு நோய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் தோல் கிளினிக் நேர்ஸ் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, டொக்டர் நிர்மலா செத்துப்போட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டவவாம்." நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மெழுகில் பதித்த தோல் துண்டுகள் பதினொன்று மேசையில் கிடந்தன. எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகுதான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

டொக்டர் நிர்மலா கனிவானவர் என்று இந்த நினைவு மலரை வாசிக்கிற, அவரை அறிந்த உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. எனக்கு அவர் அப்படித் தெரிந்ததும் குறைவு. நான் ஆய்வுகூடத்தில் தோலை வெட்டிச் சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டுகிறவன். எனக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடை வேண்டும். அவரோ ஒரு தலையைப் பார்த்து மூன்று சந்தேகம் எழுதி அனுப்புவார். "உதிலை எதை நாங்கள் தேடுறது?" என்று ஒருமுறை கேட்டேன். "மூண்டையும் தேடும். நோய் உம்மடை வசதிக்கு வராது," என்றார்.

அவரிடம் மருந்தெடுக்க வந்த ஜெசிந்தா குருநகரில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவரது உச்சியில் போத்தல் மூடி அளவுக்கு மயிர் போய், துளைகூடத் தெரியாமல் தோல் வழுவழுத்திருந்தது. வேர் செத்துத் தழும்பு விழுகிற வகை அது. போனது திரும்பி முளைக்காது. டொக்டர் மயிர் இன்னும் நிற்கிற ஓரத்திலிருந்து இரண்டு சிறு துண்டுகள் எடுத்து அனுப்பினார். ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்க வைத்தும் வெட்டும்படி படிவத்தில் எழுதியிருந்தார். நிமிர்த்தி வெட்டினால் தோலின் அடுக்குகள் தெரியும்; படுக்க வைத்தால் வேர்கள் எல்லாம் ஒரே சீவலில் தெரியும். அன்று வெள்ளிக்கிழமை, வேலை குவிந்திருந்தது. நான் இரண்டையும் நிமிர்த்தி வெட்டினேன். லூப்பஸ் என்ற நோய் மட்டும் இருக்கிறது என்று அறிக்கை போனது.

மூன்று மாதத்தின் பின் டொக்டர் படியிறங்கி ஆய்வுகூடத்துக்கு வந்தார். உச்சி அடங்கிவிட்டது, ஆனால் நெற்றியோரத்தில் மயிர் போய்க்கொண்டிருக்கிறது, மயிரடியெல்லாம் செதில், லூப்பஸோடு லைக்கன் என்ற இன்னொரு நோயும் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்.

"நீர் படிவத்தை வாசிச்சனீரோ?"

"இல்லை."

"துண்டிலை மிச்சம் இருக்கோ?"

"இல்லை. முழுக்க வெட்டிட்டன்."

அவர் ஏசவில்லை. "அப்ப மேலை வாரும். திரும்பத் துண்டெடுக்கோணும் எண்டு அவவுக்கு நீர்தான் சொல்லோணும்."

எனக்கு வேலை கிடக்கிறது என்றேன். "எனக்கும்தான்," என்று நடந்தார்.

ஜெசிந்தா தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிவிட்டு இருந்தார். நான் பிழையைச் சொன்னேன்.

"அப்ப மூண்டு மாசமா நான் பூசினது?"

"அது உச்சிக்குச் சரி. முன்பக்கத்துக்குக் காணாது," என்றார் டொக்டர்.

"மாமி கிணத்துத் தண்ணி எண்டுறா. அம்மா இறுக்கிப் பின்னினது எண்டுறா. என்ரை மனுசன் ஹெல்மெட் எண்டுறார். ஆர் சொல்லுறது சரி டொக்டர்?"

"இறுக்கிப் பின்னினாலும் மயிர் போகும், அது வேறை விதம். உமக்கு உடம்பின்ரை காவலே வேரை அடிக்குது, பிள்ளை. பரம்பரை, வெயில், ஹோர்மோன் எண்டு கன காரணம் சொல்லுகினம். ஏன் தொடங்கினது, ஏன் ரெண்டும் ஒண்டா வந்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிக் கதைக்க மாட்டன்."

"இருக்கிறதாவது நிக்குமோ?"

"பிடிச்சு வைக்கப் பாப்பம்."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தமுறை துண்டைப் படுக்க வைப்பியளோ, இல்லாட்டி நான் பாயும் தலையணையும் கொண்டு வரோணுமோ?" டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுத் துண்டில் இரண்டு நோயும் இருந்தன. இன்னொரு மருந்து தொடங்கினார்கள். நெற்றியோரம் அதற்குள் இரண்டு விரல் அகலம் போயிருந்தது. அதற்குப் பிறகு மயிர் போவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

டொக்டரின் செத்தவீட்டில் ஜெசிந்தாவைப் பந்தலுக்குள் கண்டேன். "இனி ஆர் தம்பி என்ரை தலையைப் பாக்கிறது?"

"தெரியாது அக்கா."

"அவவும் உப்பிடித்தான் சொல்லுவா. ஆனா பிறகு ஏதாவது செய்வா."



பத்து நாளில் அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு டொக்டர் வந்தார். என் வயதுதான், என்னைப்போலவே அவசரக்காரர். ஜெசிந்தாவின் கோப்பில் என் பிழையால் வந்த முதல் அறிக்கைதான் மேலே இருக்கிறது. அதை மட்டும் வாசித்தால் இரண்டாவது நோய்க்கான மருந்தை நிறுத்திவிடக்கூடும். நான் மேலே போனேன். வாசலில் நோயாளர் நிறைய.

"டொக்டர், இந்த முதல் அறிக்கையை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. துண்டைப் பிழையா வெட்டினது நான். அடுத்ததைப் பாருங்கோ."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார். மருந்து தொடர்கிறது.

இவர் சில மாதத்தில் மாறிப் போவார், இன்னொருவர் வருவார். அவரிடமும் போய் இதையே சொல்ல வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது. டொக்டர் நிர்மலா எனக்கென்று விட்டுப்போனது இந்த வேலைதான். செய்கிறேன்.