ஏழு முறை இறங்கினேன்

மலேசியாவில் லிங்கிப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதினாறு வருடமாக என் வேலை குனிவதுதான். வெட்டிப் போட்ட குலைகளிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவேன். ஒன்றை விட்டாலும் எங்களை மேய்க்கும் மண்டோர் கூப்பிட்டுக் காட்டுவார். அதனால் பழம் கண்ணில் பட்டாலே முதுகு தானாக வளையும்.

போன வருடம் உதிரிப் பழத்தை உறிஞ்சி எடுக்கும் மெஷின் வந்தது. பொறுக்குகிறவர்கள் இனி வேண்டாம் என்றார்கள். இயந்திரக் கையால் குலையைத் தூக்கி டிரெய்லரில் போடும் டிராக்டருக்கு மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓட்டிக் காட்டினால் அந்த வேலை. இல்லையென்றால் வேலையோடு தோட்டத்து வீடும் போகும். பெயர் கொடுத்தேன்.

“மோட்டர் சைக்கிள்ல போனாலே கோழிக்கு வழி விட்டு நிப்ப. நீ டிராக்டர் ஓட்டப்போறியா?” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சிரிப்பு, எனக்குக் கோபம். கோபம் வந்தால் நான் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். இரண்டு வாரத்தில் லீவர்கள் கைக்குப் பழகிவிட்டன.

சோதனை நாளில் முதல் குலையைத் தூக்கினேன். நாலு பழம் விழுந்தது. இறங்கிப் பொறுக்கிவிட்டு ஏறினேன். அடுத்த குலைக்கும் இறங்கினேன். ஏழாவது முறை இறங்கியபோது மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யக்கா, எதுக்கு எறங்கறீங்க? பழத்த எடுக்கத்தான் பின்னாடி மெஷின் வருது லா. இப்படிப் போனா டிரெய்லர் எப்ப நிறையும்?”

தோற்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து டிராக்டரைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மண்டோரிடம் கெஞ்சிக் கேட்டதில் வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வரச் சொன்னார்.

பழம் ஏன் கொட்டுகிறது என்று யோசித்தேன். பழுத்த குலையை வயிற்றில் பிடித்தால் கொட்டும், காம்புப் பக்கம் பிடித்தால் அவ்வளவு கொட்டாது. என் கைக்கு இது எப்போதோ தெரியும். இயந்திரக் கையைப் பிடித்ததும் மறந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காம்பைப் பார்த்துப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். டிரெய்லர் நிறையும் நேரத்தில் ஒரே ஒரு பழம் விழுந்தது. கால் படிக்கட்டுக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நாளைக்கு ஏழு மணிக்கு வண்டிய எடுங்க,” என்றார் மண்டோர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பிப் போனவர் அந்த ஒற்றைப் பழத்தைப் பார்த்து நின்றார். குனிந்தார்.

“விடுங்க மண்டோர்,” என்றேன், இருக்கையில் இருந்தபடியே. “பின்னாடி மெஷின் வருது.”