மாவுக்கட்டில் ஒரு முகம்

ஓசூரில் மாவுக்கட்டு சீக்கிரம் காய்வதில்லை. வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய அதிசயம். எங்கள் ராமநாதபுரம் பக்கம் துணியை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். இங்கே மார்கழியில் வெயில் ஏறின பிறகும் ஜன்னலில் ஈரம் நிற்கிறது. கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் விடக்கூடாது. ஃபேனுக்கு நேராக நீட்டி வைத்து, விரல் பதியாமல் உள்ளங்கையால் தாங்கித் திருப்பிவிட வேண்டும். பத்தாவது முடித்து, ஒரு வருட நர்ஸ் பயிற்சி மட்டும் படித்த எனக்கு இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பாதி வேலை இதுதான். கம்பெனி மெஷினில் கை மாட்டி வருகிறவர்கள் அவ்வளவு பேர்.

ஆபரேஷன் செய்த கை என்றால் கட்டின் மேல் ரத்தம் கொஞ்சம் ஊறித் தெரியும். கறை பரவுகிறதா என்று பார்க்க, அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைப்போம். பர்கூர் கிரானைட் பட்டறையிலிருந்து வந்த ஒரு அண்ணன் என் கோட்டைப் பார்த்து, "ஏங்க சிஸ்டர், மாங்கா மாதிரி போட்டிருக்கீங்களே, காம்பு எங்க?" என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டார். காம்பு வரைந்தேன். இலையும் வரைந்தேன். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர், "அவருக்கு மட்டுந்தானா?" என்று கட்டுப் போட்ட காலை நீட்டினார்.

எங்கள் பெரிய சிஸ்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். திட்டுவது மட்டும் தமிழில். "இது ஆஸ்பத்திரியா, டிராயிங் கிளாஸா? வரைஞ்சா வரை. ரத்தம் தெரியற இடத்துல கலர் பூசினே, கையை உடைச்சிடுவேன். அப்புறம் அதுக்கும் நான்தான் கட்டுப் போடணும்" என்றார். அனுமதி அப்படித்தான் கிடைத்தது.

சிங்காரப்பேட்டைப் பெண் ஒருத்தியின் கையில் எங்கள் கடலை வரைந்தேன். "டேமா சிஸ்டர்?" என்றாள். கடல் என்றேன். "அந்தக் கரைய போட மறந்துட்டீங்களே." அந்தக் கரை தெரியாது என்றேன். "அப்ப படகுல போறவங்க எங்க போய்ச் சேருவாங்க?" என்று கேட்டாள்.

ஊரில் நான் பேனாவைத் தொட்டால், "வேல இல்லையா ஒனக்கு?" என்பார்கள். இங்கே மார்க்கர் கையில் இருக்கும்போது என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. வலிக்கிறவர்கள் வலியை விட்டுவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். நான் எதற்கோ பிறந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தோன்றும். ஆனால் முகம் மட்டும் வரைவதில்லை. போன வருட மழைக்காலத்தில் என் அக்கா காய்ச்சலில் செத்துப்போனாள். நான் இங்கே யார் யார் விரலையோ அமுக்கி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடிவிட்டார்கள். எந்த முகத்தை வரையப் போனாலும் அந்தத் துணிதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் அக்கா பிள்ளையை விட்டுப் போனால், தங்கையை அதே வீட்டுக்குக் கொடுப்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. "வேற ஒருத்தி வந்தா புள்ளய பாப்பாளா?" என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். லீவு இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அத்தானும் அக்காவின் மகள் தர்ஷினியும் வார்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"பையை எடுத்துட்டு வா ஆத்தா. தையில கல்யாணம் வச்சாச்சு" என்றார் அப்பா. அத்தான் தரையைப் பார்த்தார். அப்பா குழந்தையை என் பக்கம் தள்ளினார். "அம்மாகிட்ட போ."

அவள் வந்து என் யூனிஃபார்மைப் பிடித்தாள். "அம்மா" என்றாள். பஸ்ஸில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வார்டே பார்த்தது. அந்தப் பெயரோடு அவளைத் தூக்கினால் அக்கா இல்லாமல் போவாள். தூக்காவிட்டால் இவள் கீழேயே நிற்பாள்.

தூக்கிக்கொண்டு கட்டுப் போடும் அறைக்குள் போனேன். மிச்சமாகிக் காய்ந்த மாவுத்துண்டு ஒன்றை எடுத்தேன். நெற்றியை வரைந்தேன். துணி வரவில்லை. ஓரமாய் வளைந்த சிரிப்பு வந்தது.

"இது யாரு?" என்றாள்.

"ஒங்க அம்மா."

"நீ?"

"நான் சித்தி."

அவள் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா வாசலில் நின்று, "நேரமாவுது, படம் போட்டுக்கிட்டு" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். பக்கத்தில் வந்தார். "மூக்குத்தி அங்கிட்டு இல்ல. வலப்பக்கம்ல குத்தியிருந்தா" என்றார். ஒரு வருடத்தில் எனக்கு மறந்திருக்கிறது. பிளேடால் சுரண்டினேன், மாவு உதிர்ந்தது. வலப்பக்கம் வைத்தேன். அப்பா தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா, லீவு போட்டு வந்து பாப்பேன். போன்ல பேசுவேன். இவளுக்குச் சித்தியா எப்பவும் இருப்பேன். கட்டிக்க மாட்டேன்."

அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மாமா, நானும் இதத்தான் சொல்ல நெனச்சேன். வாய் வரல."

"ரெண்டு பேருமாச் சேந்து என்னைய கிறுக்கனாக்குறியளா?" என்றார் அப்பா. பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம். குழந்தையை விட்டுவிட்டுப் படம் வரைகிறாள் என்று சொல்லலாம். நானும் எனக்குள் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது.

அவர்களை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோது தர்ஷினி அந்த மாவுத்துண்டை ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்து, "சித்திக்கு டாட்டா சொல்லும்மா" என்று ஆட்டினாள். அக்கா எங்கள் ஊருக்குப் போனாள். நான் கை அசைத்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் கன்னடத்தில் பெங்களூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லி, ஒரு கையால் வழி காட்டினேன். இன்னொரு கை தர்ஷினி போன பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது.