ஊதா நிறத்தில் எங்கள் சந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பனியன் துணியில் கோடு போட்டு வெட்டுவதுதான் இந்தக் கைக்குத் தெரியும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நான் பேசியது இரண்டே வரி. அதை எங்கள் சந்தில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நாளைக்கு எவராவது வந்து நீ வேறு மாதிரி அல்லவா சொன்னாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

வீரபாண்டிப் பக்கம் எங்கள் சந்து. இருபத்தி மூன்று வீடுகள். சந்தின் வாயில் ஒரு காம்பாக்டிங் யூனிட் இருக்கிறது. சாயம் போட்ட துணியை ஆவியில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருகிற இடம். அதன் பாய்லருக்கு விறகு எரிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் காயப்போட்ட வேட்டியில் கரும்புள்ளி விழும்.

என் வீட்டில் கீழே இரண்டு அறை. கட்டும்போதே மாடிக்குப் படி வைத்துவிட்டேன். மேலே ஒன்றும் இல்லை. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, துருப்பிடிக்காமல் இருக்க கம்பிக்கொரு பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கும் மகளும் மருமகனும் மேலே வந்து இருப்பதற்குத்தான் அந்தக் கம்பி. அவர்கள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாடிக்கு பிளான் அப்ரூவல் வாங்க வேண்டும். நடந்தது முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற என் மனைவி உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏனுங்க, ஆடிட் வந்திருக்குதுங்க" என்றாள்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண்ணும் ஒரு பையனும் கையில் டேப் என்கிற பெரிய செல்போனை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆடிட் என்றால் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் கம்பெனிக்கு வந்து தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆபீஸில் வரிசையாக நிற்கவைத்து என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடக்கும். எட்டு மணி நேரம் வேலை, குறை ஒன்றும் கிடையாது, தண்ணீர் நன்றாக இருக்கிறது. மாற்றிச் சொன்னவர்கள் அடுத்த மாதம் அந்த லைனில் இருக்க மாட்டார்கள். எங்கள் சந்தில் செக்கிங், டெய்லர், அயர்னிங் என்று வீட்டுக்கு இரண்டு பேராவது கம்பெனிக்குப் போகிறவர்கள். அதனால் செய்தி ஒரு நொடியில் கடைசி வீடு வரை போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தேனிக்கார அம்மா வாசலைப் பெருக்கி, தண்ணீர் டிரம்முக்கு மூடி போட்டார். எதிர்வீட்டு அயர்னிங்காரர், யாரும் கேட்காமலே, "எட்டு மணி நேரந்தானுங்க, ஓவர்டைமெல்லாம் கெடையாதுங்க" என்றார். அந்தப் பெண் கொஞ்சம் விழித்துவிட்டு அதையும் பதிந்துகொண்டாள்.

எங்கள் வாசலுக்கு வந்தாள். நகரத்துக்குப் புதுத் திட்டம் தயாராகிறது, மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்றாள். யூனிட்டில் இருந்து புகை வருகிறதா, சத்தம் உண்டா, லாரி நின்று வழி மறிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்க அம்மிணி. நல்லா இருக்குதுங்க."

அவள் கொடியில் கிடந்த என் வேட்டியைப் பார்த்தாள். அதில் புள்ளி புள்ளியாகக் கரி. பிறகு என்னைப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுங்கண்ணா. உங்க பேரு வெளிய வராது."

அந்த ஒரு வார்த்தையில், இது ஆடிட்தானா என்று எனக்கிருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. ஆடிட்காரர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். "இல்லீங்க, புகையே வர்றதில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

யார் அனுப்பியிருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். யூனிட் முதலாளியைத் தவிர வேறு யாரும் மனதில் வரவில்லை. இந்தச் சந்தே ஒரு காலத்தில் அவர் குடும்பத்துச் சோளக்காடு. சைட் போட்டு எங்களுக்கு விற்றது அவர் அப்பாதான். அவர் என்னை மாஸ்டரே என்றுதான் கூப்பிடுவார், கட்டிங் மாஸ்டர் என்பதால். அந்த வாரம் வழக்கத்தைவிட ஒரு தடவை அதிகமாகச் சிரித்தார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து மாடிக்கு வரைபடம் போடும் இன்ஜினியரிடம் போனேன். அவர் தாளை எடுக்கவே இல்லை. புதுத் திட்டத்தின் வரைவு வந்திருக்கிறது, அதில் உங்கள் சந்து தொழில் பகுதியில் இருக்கிறது, அப்படியே முடிவாகிவிட்டால் புது வீட்டுக்கோ மாடிக்கோ அனுமதி கிடைக்காது என்றார். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம், கூட்டம் போடுகிறார்கள், அதற்குள் ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். சுவரில் பெரிய படம். வீடுகள் மஞ்சள், தொழில் ஊதா. எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. ஆனால் கோடு பார்க்க எனக்குப் படிப்பு வேண்டாம். துணியில் மார்க்கர் போடுகிறவன் நான். ஊதா நிறம் மெயின் ரோட்டை ஒட்டி நேராக வருகிறது. எங்கள் சந்தின் வாயில் மட்டும் உள்ளே வளைந்து, சட்டைப் பாக்கெட் மாதிரி இருபத்தி மூன்று வீட்டையும் வாரிக்கொண்டு, மறுபடி ரோட்டுக்கு வந்து நேராகப் போகிறது. கட்டிங்கில் கோடு சும்மா வளையாது. ஒன்றை உள்ளே இழுக்க வேண்டும் அல்லது ஒன்றைத் தப்பவிட வேண்டும், அதற்குத்தான் வளைப்போம். வளைத்த கை எது என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வளைத்தது யூனிட் முதலாளிதான் என்று சந்தில் போய்ச் சொன்னேன். நான் அதிகம் பேசாதவன் என்பதால் நம்பிவிட்டார்கள். முதலாளியிடம் பேச்சு நின்றது. அவர் வீட்டுச் சீர் விசேஷத்துக்குக்கூடப் பாதிப் பேர் போகவில்லை.

இரண்டு வாரத்தில் அவரே ஒரு மனுவோடு வந்தார். சந்து குடியிருப்பாகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாகவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். யூனிட் வைத்திருக்கும் மனிதர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"எந் தங்கச்சிக்குக் குடுத்த எடமும் இந்தச் சந்துலதானுங்க மாஸ்டரே இருக்குது. அது ஊடு கட்ட வேண்டாமா?"

"கண்ணாடி எடுத்துட்டு வர்றனுங்க" என்று உள்ளே போனேன். அவர் போகும் வரை வெளியே வரவில்லை. கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று சந்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் நடந்தது. மேடையில் அதிகாரிகள். முன் வரிசையில் கம்பெனி முதலாளிகள், நிலம் வாங்கி விற்பவர்கள். எங்கள் சந்துக்காரர்கள் எட்டுப் பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் பகுதி வந்தபோது மைக்கில் பேச எழுந்தவர் அந்த யூனிட் முதலாளிதான். சந்தை வீடாகவே விட வேண்டும், ஜனங்கள் இருக்கும் இடம் என்று அவர் சொன்னதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் என்ன உள்நோக்கம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

மேடையில் இருந்த அதிகாரி ஒரு ஃபைலைத் திறந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "அங்க வீடு வீடா சர்வே எடுத்திருக்கோம் சார். புகை இல்ல, சத்தம் இல்ல, தொந்தரவு இல்லன்னு இருபத்தி மூணு வீடும் சொல்லியிருக்கு. யூனிட்டோட ஒத்துப்போற பகுதின்னுதான் தொழில்ல சேர்த்தது. ஒருத்தர்கூடக் குறை சொல்லலையே."

அந்த வளைவைப் போட்டது எங்கள் வாய்தான். முதலாளி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். பாவம் இவர்கள் என்கிற மாதிரி பார்த்தார்.

எழுந்துவிட்டேன். மைக்கை யாரோ கையில் கொடுத்தார்கள். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பேசுவதற்கே எனக்கு நா ஒட்டிக்கொள்ளும். நான் சொன்னது இவ்வளவுதான், ஒரு எழுத்து கூடவோ குறையவோ இல்லை:

"நாங்க சொன்னது பொய்யுங்க. ஆடிட்டுன்னு நெனச்சுச் சொல்லிப்போட்டமுங்க."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. முன் வரிசை வரை போய் அங்கே நின்றுவிட்டது. அந்த வரிசையில் பலர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதிகாரி வெளியூர்க்காரர் போலிருக்கிறது. "என்ன ஆடிட்?" என்று கேட்டார். செல்போனிலிருந்து ஒரு தலையும் நிமிரவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே செருப்பைத் தேடும்போது முதலாளி பக்கத்தில் வந்து மனுவை நீட்டினார். முன்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருப்பிப் பார்த்தேன். வெயிலுக்கு நேராகத் தூக்கியும் பார்த்தேன்.

"பின்னாடி ஒன்னும் இல்லீங்க மாஸ்டரே" என்று சிரித்தார்.

கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே வேறு எதையும் யாரும் சேர்த்து எழுதிவிடக்கூடாது என்று ஒரு கோடும் இழுத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை அடுத்த ஆளுக்கு நீட்டினார். மற்ற ஏழு பேரும் அதே மாதிரி கோடு இழுத்தார்கள்.

என் சொந்தக் கடிதத்தை வீட்டில் வைத்து மூன்று தாள் கிழித்து எழுதினேன். ஆபீசில் கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தேதி இல்லாத தாள் தாளே இல்லீங்க" என்றார். அங்கேயே சுவரில் வைத்துத் தேதி போட்டுக் கொடுத்தேன். நகலில் சீல் வாங்கி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். மனுக்கள் வந்ததால் திரும்பச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதே கேள்விகள். இந்தத் தடவை நான் வேட்டியைக் கொடியில் இருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். என் மனைவி அவளை மாடிக்குக் கூட்டிப்போய், கவிழ்த்து வைத்த பாட்டில்களில் படிந்திருந்த கரியைத் தொட்டுக் காட்டினாள். இறங்கி வந்ததும், "என்னன்னு எழுதுனீங்க அம்மிணி, காட்டுங்க" என்றேன். அவள் டேப்பைத் திருப்பிப் பிடித்தாள். என் கண்ணுக்குப் பழகும் வரை பொறுமையாக நின்றாள். புகை என்று இருந்தது. அதற்கு எதிரே உண்டு என்று இருந்தது. இரண்டையும் நானே படித்தேன்.

அவள் எதையோ அழுத்தினாள், எழுத்து மறைந்துவிட்டது. எங்கே போனது என்று கேட்டேன். ஆபீசுக்குப் போய்விட்டது என்றாள். போய்ச் சேர்ந்ததா, அப்படியே சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. முடிவு இன்னும் வரவில்லை. மகளை ராயபுரத்தில் இன்னும் ஒரு மாதம் சொல்லிச் சமாளிக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டில்கள் கம்பி மேல் அப்படியே இருக்கின்றன.

இந்தத் தாளையாவது யாரும் திருப்பிக் கொடுக்கக்கூடாது.

தேதி: புரட்டாசி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.