தறிக்குழியில் கிரீஸ்

ஓரிக்கையில் பாலாற்றை ஒட்டி ஒரு திருமணத் தோட்டம் இருக்கிறது. அங்கே புல் வெட்டும் வண்டியை ஓட்டுகிறவள் சிம்ரன். ட்ராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும் அந்த வண்டி. ஏறி உட்கார சீட் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, வயிற்றுக்கு அடியில் கத்திகள் சுழலும்.

வண்டி புதிதாக வந்து இறங்கிய அன்று, ஓட்டுகிற வேலை கேட்டு வந்த ஆண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து குதிரைத் திறனைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் பெருக்க வந்திருந்த சிம்ரன் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். அவள் அப்பாவின் பவர் டில்லரில் பழகிய கை அது.

"உன்னைப் பெருக்கத்தானம்மா கூப்பிட்டேன்?" என்றார் மேனேஜர் மணிவண்ணன்.

"இதுவும் பெருக்கறதுதான் சார். உக்காந்துக்கினு பெருக்கறேன், அவ்ளோதான்."

மணிவண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவளிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வருவதில்லை. பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அவள் சொல்லும் உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ரெண்டு மழைக்காலம் போனதும் வண்டி கத்த ஆரம்பித்தது. நேராகப் போகும்போது சத்தமே இருக்காது. திருப்பினால் போதும், ஊரைக் கூட்டும். ஒரு வரவேற்புக்கு முந்தின நாள் மாலை, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மயிலு கத்துது, நல்ல சகுனம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்கய்யா, டெய்லி இந்நேரத்துக்குக் கத்தும்" என்றாள் சிம்ரன்.

மணிவண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கிரீஸ் வெச்சியாமா?"

"கை போற எடத்துல எல்லாம் வெச்சுட்டேன் சார்."

கை போகாத இடம்தான் தகராறு. முன் அச்சின் நடு ஆணிக்குக் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வண்டிக்கு அடியில், நட்ட நடுவில் ஒளிந்திருந்தது. சிம்ரன் குப்புறப் படுத்துப் பார்த்தாள், மல்லாந்து படுத்துப் பார்த்தாள். கிரீஸ் கன்னின் வாய் நிப்பிளில் நேராக உட்காரவே இல்லை. அழுத்தினால் கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கி அவள் காதுக்குள் போனது. வண்டியைச் சாய்க்கலாம் என்றால், அதற்கு மணிவண்ணன் தடை போட்டிருந்தார். முன்பு ஒரு மெக்கானிக் அப்படிச் சாய்த்ததில் எஞ்சின் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போய், வண்டி பல நாள் படுத்துவிட்டது.

தோட்டத்தின் பின் கேட்டுக்கு எதிர்த் தெருவில் லோகாம்பாள் வீடு. பட்டு நெய்கிற குடும்பம். மத்தியானச் சாப்பாட்டை சிம்ரன் அங்கே எடுத்துப் போய், லோகாம்பாளின் குழம்பையும் ஒரு கை பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் போனபோது, பின்பக்கக் கொட்டகையில் இருந்த தறியைக் காணவில்லை. அதை முன்னால் கட்டிய பெரிய கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். தறியை வெளியே எடுப்பதற்காக ஒரு பக்கத் தகரத்தையே பிரித்திருந்தார்கள். நெய்கிறவர் கால் தொங்கவிட்டு மிதிக்கும் குழி மட்டும் தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"சாயந்தரம் கொத்தனாரு வந்து மூடிடுவாரு" என்றாள் லோகாம்பாள். "பைக் நிறுத்தலாம்ல?"

சிம்ரன் சோற்றுக் கையோடு எழுந்தாள். இடது கையால் குழியின் அகலத்தைச் சாண் போட்டாள். அப்படியே தோட்டத்துக்கு ஓடி, வண்டிச் சக்கரங்களுக்கு நடுவில் சாண் போட்டாள். திரும்ப ஓடி வந்தாள்.

"அக்கா, இந்தக் குழிய எனக்குக் கொஞ்ச நேரம் குடு."

"குழிய எட்த்துக்கினு இன்னாடி பண்ணப் போற?"

"எட்த்துக்கினு போவல. வண்டிய இங்க இட்டாரேன்."

லோகாம்பாள் தலையில் கைவைத்தாள். "அவரு டவுன்ல பட்டு வாங்கப் போயிருக்காரு. வந்து பாத்தா என்னை உள்ள தள்ளி மூடிடுவாரு."

"அவரு வர்றதுக்குள்ள முடிச்சுடலாங்க்கா."

மேனேஜர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற நேரம் பார்த்து வண்டி பின் கேட்டைத் தாண்டியது. சக்கரங்கள் குழிக்கு இரண்டு பக்கமும் கச்சிதமாக நின்றன. பின்னால் ஆள் இறங்கும் அளவுக்கு இடம் மிச்சம். நின்ற வண்டியை உருளாமல் பிடிக்கும் கை பிரேக் சரியாக வேலை செய்யாது என்பதால், லோகாம்பாள் சீட்டில் ஏறி பிரேக் மிதியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சிம்ரன் எஞ்சினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

இத்தனை நாள் ஏமாற்றிய நிப்பிள் அவள் மூக்குக்கு நேராக இருந்தது. காய்ந்த புல்லைத் துடைத்து, கன்னைப் பொருத்தி அழுத்தினாள். முதலில் கறுப்பாகப் பழைய அழுக்கு பிதுங்கியது. பிறகு மஞ்சளாக, புதிது வர ஆரம்பித்தது. "வாடா ராஜா" என்று அதைக் கொஞ்சினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க?" மணிவண்ணன்.

"வேலைலதான் சார்."

"வண்டியக் காணோமே!"

"என் கண்ணு எதிர்லதான் சார் நிக்குது."

"இன்னாமோ கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி கேக்குது?"

"கொஞ்சம் கீழ எறங்கியிருக்கேன் சார்."

"கீழயா? அய்யய்யோ, வண்டிய ஆத்துல உட்டுட்டியா?" போன் கட்டாகிவிட்டது.

சிம்ரன் திரும்பக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. அதற்குள் மேலே ஆண் குரல் கேட்டது. லோகாம்பாளின் கணவர் வரதராஜன் கையில் பட்டு மூட்டையோடும், பின்னால் மணல் சட்டி சுமந்த கொத்தனாரோடும் வந்து நின்றார். தன் மனைவி மஞ்சள் வாகனம் ஒன்றில் உற்சவ அம்மன் மாதிரி வீற்றிருப்பதைப் பார்த்தார்.

"இன்னா லோகா இது?"

"உக்காந்துக்கினு இருக்கேன்."

"அது தெரியுது. எதுமேல?"

"வணக்கம்ணா!" என்றது தரை.

கொத்தனார் சட்டியைப் போட்டுவிட்டுத் தெருவரைக்கும் போய்விட்டார். வரதராஜன் மெல்லக் குனிந்தார். இருட்டில் கரி பூசிய முகமும் இரண்டு வரிசைப் பல்லும் தெரிந்தன.

"நான் சிம்ரன்ணா. இன்னும் ரெண்டு அமுக்குதான், முடிஞ்சுது."

"ஏம்மா, தறிக்குழின்னா வொர்க்‌ஷாப்பா உனக்கு?" என்று அவர் ஆரம்பித்த ஆரம்பத்தில் தெருவே கூடியிருக்கும். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கை ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தது. குழியிலிருந்து ஏறி வந்த சிம்ரன் அந்தக் கையைக் கவனித்தாள்.

"ஒரு ரவுண்டு போறீங்களாணா?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே, "எந்த மிதி எதுக்கு?" என்று கேட்டார். காலம் முழுக்க மிதித்த கால். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டது.

ஆற்றுமணலில் இறங்கித் தேடிய மணிவண்ணன், முழங்கால் வரை ஈரமாக, மூச்சு வாங்கத் தெருமுனைக்கு வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தோட்டத்து வண்டியில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தார். பின்னால் நடந்து பட்டு மூட்டையோடு லோகாம்பாள், அதற்குப் பின்னால் தலை முதல் கால் வரை கிரீஸோடு சிம்ரன்.

"யாருய்யா நீ? எறங்குய்யா!"

"சார், ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்றாள் சிம்ரன். "அண்ணா, நீங்க திருப்புங்க."

வரதராஜன் முழு வட்டமாகத் திருப்பினார். மணிவண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் உறுமலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"மயிலு எங்கம்மா?"

"தூங்குது சார்."

அன்றைக்கு அவர் திட்டத்தான் செய்தார். வண்டி இனிமேல் கேட்டைத் தாண்டக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். அடுத்த முறை கிரீஸ் வைக்கும் நாள் நெருங்கியதும், "நான் தூங்கறப்ப நடக்கறது எனக்குத் தெரியாதும்மா" என்று தானாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். குழியை மூடுகிற யோசனையை வரதராஜனும் கைவிட்டார். அதன் மேல் பலகை போட்டு பைக்கை நிறுத்துகிறார். வண்டியைப் போய் அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் தன் பொறுப்பு என்கிறார்; சிம்ரன் சாவியைக் கொடுக்கத் தாமதித்தால் கோபித்துக்கொள்கிறார்.

போன வாரம் மணிவண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் குழிமேல என் கார் நிக்குமாம்மா? அடியில ஏதோ லொடலொடங்குது."

சிம்ரன் அவரை மேலிருந்து கீழ் வரை, முக்கியமாக நடுவில் இருந்த தொந்தியை, நிதானமாகப் பார்த்தாள்.

"காரு நிக்கும் சார். எறங்கிப் பாக்கறது மட்டும் நானே பாத்துக்கறேன்."