சகனில் ஏறிய கத்தரிக்காய்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு பூக்காரரிடம் போய், "சப்ஜா இலை ரெண்டு கட்டு குடுங்க" என்று கேட்டேன். மாலையில் பூவுக்கு இடையிடையே பச்சையாக வைத்துக் கட்டுவார்களே, அந்த இலை. அதன் விதையைத்தான் நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம். எங்கள் ஆட்களுக்கு அந்த வாசம் வந்தால் தர்கா நினைவுதான் வரும். பூப்போர்வையில் அதைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம். பூக்காரரும் அப்படியே நினைத்துக்கொண்டு, "எந்தத் தர்காவுக்கும்மா? நானே கட்டித் தந்துர்றேன்" என்றார்.

"தர்காவுக்கு இல்ல. கத்தரிக்காய்க்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். "கத்தரிக்காய்க்கெல்லாம் மாலை போட ஆரம்பிச்சுட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டே இலையை எடுத்துப் பையில் போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். ஆனால் அன்று எனக்கு அந்த இலை வேண்டியிருந்தது. என் மகளின் நிக்காஹுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் அவளை ஒரு நேரமாவது சகனில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்த காலம் அது.

சகன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறியைப் பரப்பி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்போம். நான் கடலோர ஊரில் பிறந்தவள். அங்கே கல்யாணம் காட்சி எல்லாமே சகன்தான். திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தபோது என் அம்மா எனக்கு வேறு என்னென்னவோ கொடுத்தார்கள். அதில் எல்லாம் தேய்ந்தும் உடைந்தும் போக, மிஞ்சியது அந்தச் சகன் ஒன்றுதான். இந்த ஊருக்கு வந்து நானும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்று சொல்லவும் அம்புட்டு இம்புட்டு என்று பேசவும் பழகிக்கொண்டேன். சகனை மட்டும் விடவில்லை. வீட்டுக்காரரும் கல்யாணமான புதிதில் கொஞ்சம் கூச்சப்பட்டு, பிறகு என்னைவிட அதிகமாகப் பழகிவிட்டார்.

சகனுக்கு ஒரு மரியாதை உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், எதிரில் இருப்பவர் பக்கம் கை நீட்டக் கூடாது. ஆனால் நம் பக்கம் இருப்பதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். வீட்டில் யார்மேல் யாருக்குப் பிரியம் என்று தெரிய வேண்டுமானால் கறித் துண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டு நல்லி எலும்பெல்லாம் அவள் பக்கம்தான் ஊர்ந்து போகும். நானும் தள்ளுவேன், அவள் அத்தாவும் தள்ளுவார். அவள் முன்னால் ஒரு குன்றே சேர்ந்துவிடும்.

அந்தப் பிள்ளைதான் ஒருநாள் கறியை விட்டது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் லீவுக்கு வந்திருந்தாள். வழக்கம்போல ஒரு நல்ல துண்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை ஒரு விரலால் மெதுவாக என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நான் கறி சாப்பிடுறத விட்டுட்டேம்மா."

"ஏன், டாக்டரு சொன்னாரா?"

"இல்லம்மா. மனசு வரல. அம்புட்டுத்தான்."

திட்டினேன், கெஞ்சினேன், ஓதிப் பார்க்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவள் சண்டை போடவும் இல்லை, எங்களுக்கு உபதேசம் செய்யவும் இல்லை. ஒரு சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு தயிர்ச் சோற்றோடு தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கறிச்சாறு படிந்த சோறு அவளுக்கு ஆகாது, சகனில் சாறு படாத பக்கம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேர் சகனிலும் ஒரு பிள்ளை தனித்தட்டிலுமாக உண்ணும் காட்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சகனைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். அவளுக்கு இல்லாத சகன் எனக்கும் வேண்டாம். அன்று செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

வீட்டுக்காரர்தான் பாவம். அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெருநாளைத் தவிர வேறு நாளில் அந்தக் கடையை மூடியதில்லை. மகள் பிறந்த அன்றுகூட அண்டாவை இறக்கிவைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் கைகழுவிக்கொண்டே என்னிடம், "ஏம்மா, நான் ஆக்குனத எம்புள்ளயே தொடலேன்னா, ஊருக்கெல்லாம் எதுக்கு ஆக்கிப் போடுறேன்?" என்று கேட்டார். மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. நிக்காஹுக்கு முன்னால் சில வாரங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம் என்று மகள் வந்து சேர்ந்தாள். வந்தவள் என் அடுப்பங்கரையில் தனக்கென்று ஒரு சின்னச் சட்டியை வைத்துக்கொண்டு சமைக்க ஆரம்பித்தாள். கேட்டால் தாய்லாந்துச் சமையலாம். பச்சைமிளகாயையும் பூண்டையும் இடித்து எண்ணெயில் போட்டாள் பாருங்கள், வாசலில் நின்ற கேஸ் சிலிண்டர்க்காரர் வரை எல்லாரும் இருமினார்கள். அதில் கத்தரிக்காய், சோயாப் பாலில் செய்கிற டோஃபு, கறுப்பாக ஒரு சாஸ். கடைசியில் ஒரு கரண்டி சீனி.

"வெஞ்சனத்துல சீனியாடி?"

"ஒரு வாய் தின்னு பாரும்மா."

தின்னவில்லை. ரோசம் விடுமா? எங்கள் வீட்டில் கத்தரிக்காய் என்றால் தால்சாவில் பருப்போடும் எலும்போடும் கிடக்கும், இல்லாவிட்டால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வரும். அது தனியாக ஒரு சாப்பாடாக வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். நல்லி எலும்பைத் தட்டி எடுக்கும் நாளில் இருந்த அதே முகம். நெற்றியில் வியர்வை, மூக்கு நுனி சிவப்பு, கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்குத்தான் வீம்பாக இருப்பது? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். நம் சகனுக்குப் பிள்ளை வராவிட்டால் பிள்ளையின் சட்டியைச் சகனுக்குக் கொண்டுவர வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

சந்தர்ப்பமும் வாய்த்தது. ஆபீஸில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் சென்னைக்குப் போனாள். கன்னிவாடிப் பக்கத்திலிருந்து கூடையில் காய் கொண்டுவரும் அம்மாவிடம் நல்ல பிஞ்சுக் கத்தரிக்காயாக வாங்கினேன். டோஃபுவைச் சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். வெள்ளையாக, மணமில்லாமல், அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி இருந்தது. கறிக்குப் பதில் இதைப் போடுகிறாள் என்றால் கறியைப் போலத்தானே இதைக் கவனிக்க வேண்டும்? பிரியாணிக்காரர் வீட்டில் முப்பது வருசம் இருந்த கை. பப்பாளிக்காயை அரைத்துப் பூசி, இஞ்சிப் பூண்டு தடவி, தயிரில் ஊறப்போட்டு, நன்றாக வேகட்டும் என்று மூடியில் கனம் வைத்து விட்டுவிட்டேன். திறந்து பார்த்தால் டோஃபுவையும் காணோம், கத்தரிக்காயையும் காணோம். சட்டி நிறையக் கூழ்.

கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? மத்தியானம் வந்த வீட்டுக்காரர் மூடியைத் திறந்துவிட்டார்.

"இது என்ன, நோம்புக்கஞ்சியா?"

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பாக்கெட்டில் மிச்சம் இருந்த டோஃபுவைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். மோந்து பார்த்தார். "இது வேக வேண்டிய சாமானே இல்லம்மா. முட்டை மாதிரி. சூட்டக் காட்டணும், எடுத்துறணும்" என்றார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கல்லில் எண்ணெய் விட்டு நாலு துண்டை ஓரம் சிவக்கப் பொரித்தார். ஆளுக்கு இரண்டு தின்றோம். பிடித்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "புள்ள எப்ப வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

அப்புறம் இலை. மகள் அந்தச் சமையலில் போடுவதற்கென்று ஒரு குப்பியில் காய்ந்த இலையை வைத்திருந்தாள். "பச்சையா கெடச்சா இன்னும் ருசிம்மா. இந்த ஊர்ல எங்க கெடைக்கப் போகுது?" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் குப்பியைத் திறந்து மோந்தேன். எனக்கா தெரியாது அந்த வாசம்! அதனால்தான் பூ மார்க்கெட்டுக்குப் போனதும், கத்தரிக்காய்க்கு மாலை போடுகிறவள் என்று பெயர் வாங்கியதும்.

அவள் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. சீரகச் சம்பா அரிசியை மசாலா எதுவும் இல்லாமல் வெள்ளைச் சோறாக வடித்தேன். பச்சைமிளகாயும் பூண்டும் இடித்துப் போட்டு, கத்தரிக்காயை நீளவாக்கில் அரிந்து எண்ணெயில் வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினேன். தோல் நிறம் மங்காமலும் உள்ளே சதை குழைந்தும் வந்தபோது சாஸை விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சீனியும் போட்டேன். பொரித்த டோஃபுவைப் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்துவிட்டு, சப்ஜா இலையைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். சூட்டில் இலை சுருண்டதும் வீடே தர்கா மாதிரி மணத்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மகள் எழுந்து வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

நான் பரணிலிருந்து இறக்கிய சகனைப் பாய்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். சோற்றைக் குவித்து மேலே கத்தரிக்காயைப் பரப்பினேன். அவள் சட்டியையும் சகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சட்டி புதுசு. கரண்டியும் புதுசு. சகனப் புளி போட்டுத் தேச்சாச்சு, கறி வாசமே இல்ல. உக்காரு" என்றேன். குரல் அதட்டுகிற மாதிரிதான் வந்தது. அன்பாகச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் வருகிறது.

ஜும்மா தொழுகை முடிந்தால் நேரே கடைக்கு ஓடுகிற மனிதர் அன்று வீட்டுக்கு வந்தார். "செத்த நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி மூன்று பேரும் கை வைத்தோம். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பழக்கதோசம், என் கை நல்ல துண்டைத் தேடியது. தேடிவிட்டுத் திகைத்து நின்றது. கறியில் எது நல்ல துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதில் எது? கத்தரிக்காயா, டோஃபுவா, எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பார்த்துவிட்டாள். தன் பக்கத்தில், பாதி சுருண்ட இலை ஒட்டிக்கொண்டிருந்த கொழுத்த கத்தரிக்காய்த் துண்டு ஒன்றை விரலால் நகர்த்தி என் பக்கம் தள்ளினாள்.

"இதாம்மா நல்லி."

நான் அழுதேன். மறைக்கவில்லை. "ஒறப்பு சாஸ்திதான்" என்று வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் பக்கத்து டோஃபுவையெல்லாம் ஒவ்வொன்றாக மகள் பக்கம் தள்ளினார். அவள் முன்னால் பழையபடி ஒரு குன்று சேர்ந்தது.

நிக்காஹ் முடிந்து அவள் கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது சகனைத் துணியில் சுற்றி அவள் பெட்டிமேல் வைத்தேன். என் அம்மா எனக்குக் கொடுத்தது, அவளுக்குத்தான் சேர வேண்டும். பிறகு நாங்கள் இருவரும் தனித் தட்டுக்கு வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை அந்தக் கத்தரிக்காயைச் செய்வேன். இரண்டு தட்டையும் விளிம்பு முட்ட வைத்துக்கொள்வோம். அவர் தன் தட்டிலிருந்து டோஃபுவை என் தட்டுக்குத் தள்ளுவார். பிரியத்தில் தள்ளுகிறாரா, பிடிக்காமல் தள்ளுகிறாரா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் அப்படி உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். அவரும் நானும் கையில் சோற்றோடு கேட்டோம்.

"சகன்ல ரெண்டு பேரு உக்காந்தா ரொம்பப் பெருசா இருக்கும்மா. பாதி சும்மா கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் எப்ப வருவீக?"

அத்தாவுக்கு ஏது லீவு, பெருநாளைக்குப் பார்ப்போம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் வீட்டுக்காரர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் பழைய காலண்டர் தாள் ஒன்றையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"உன் எழுத்துதான் நல்லாருக்கும். நாளைக்குக் கடை லீவுன்னு பெருசா எழுது."